கோலாலம்பூரின் வடக்கு விளிம்பில்: உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூருக்கு வடக்கே, செரண்டா தொடங்கி பேராக் எல்லையை ஒட்டிய களும்பாங் வரை, தோட்டங்களிலும் தோட்டங்களை விட்டு வெளியேறிக் குடியமர்ந்த தாமான்களிலும் (வீடமைப்புப் பகுதிகளிலும்) கம்பங்களிலும் (கிராமங்களிலும்) வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஊராட்சி மன்றத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. சட்டம் தெரியாததால் அல்ல, எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்று தெரியாததால்தான் நம்மவர்கள் பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள். அந்த அலைச்சலைக் குறைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகம் எந்தப் பகுதிகளைக் கவனிக்கிறது?

சிலாங்கூரில் பரப்பளவில் மிகப் பெரிய மாவட்டமான உலு சிலாங்கூர் முழுவதையும் இக்கழகம் கவனிக்கிறது. செரண்டா, சுங்கை சோ, பத்தாங் காலி, உலு யாம், ராசா, கெர்லிங், களும்பாங், புக்கிட் பெருந்தோங், புக்கிட் செந்தோசா ஆகியவை இதில் அடங்கும். தலைமை ஊர் கோல குபு பாரு. அது தலைநகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ரவாங் வட்டாரத்தில் வசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரவாங் நகரம் கோம்பாக் மாவட்டத்தைச் சேர்ந்தது, அதைக் கவனிப்பது செலாயாங் நகராண்மைக் கழகம். அஞ்சல் முகவரியில் ரவாங் என்று இருந்தாலும் சுங்கை சோ பகுதி உலு சிலாங்கூரில்தான் வருகிறது. ஆகவே முகவரியைப் பார்த்து முடிவு செய்யாமல், வரி பில்லின் தலைப்பில் எந்தக் கழகத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மாவட்ட மன்றமாக இருந்தது நகராண்மைக் கழகமாக உயர்ந்ததால் என்ன மாறியது?

மலேசியாவில் ஊராட்சி மன்றங்கள் மாநகர் மன்றம், நகராண்மைக் கழகம், மாவட்ட மன்றம் என்று மூன்று நிலைகளில் உள்ளன. உலு சிலாங்கூர் 2021-ஆம் ஆண்டில் இரண்டாம் நிலைக்கு உயர்த்தப்பட்டது. மக்கள் தொகையும் வரி வருமானமும் வளர்ந்துவிட்டன என்பதற்கான அங்கீகாரம் அது. செரண்டா, சுங்கை சோ பக்கம் வந்த தொழிற்சாலைகளும், தஞ்சோங் மாலிம் வரை ஓடும் கேடிஎம் கொமுட்டர் ரயிலை நம்பித் தலைநகரில் வேலை பார்ப்பவர்கள் வாங்கிய வீடுகளும் இந்த வளர்ச்சிக்குக் காரணங்கள்.

ஆனால் மாவட்டத்தின் உட்பகுதி மாறிவிடவில்லை. காடும் செம்பனையும் ரப்பரும் இன்றும் அதன் பெரும்பகுதியை மூடியிருக்கின்றன. கழகத்தின் பெயர்ப்பலகை மாறிய வேகத்தில் அதன் சேவை தோட்டப்புறங்களை எட்டவில்லை என்பதே நம் மக்களின் உண்மையான குறை.

கழக உறுப்பினர்களை நாம் ஏன் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை?

ஒரு காலத்தில் தேர்ந்தெடுத்தோம். 1951-இல் ஜார்ஜ் டவுனிலும் 1952-இல் கோலாலம்பூரிலும் நகராட்சித் தேர்தல்கள் நடந்தன, பிறகு சிற்றூர்கள் வரை அவை பரவின. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965-இல் அத்தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம், அதாவது சட்டம் 171, நியமன முறையையே நிலையாக்கிவிட்டது. அச்சட்டத்தின்படி ஒரு தலைவரையும், எட்டுக்குக் குறையாமலும் 24-க்கு மிகாமலும் உறுப்பினர்களையும் மாநில அரசு நியமிக்கிறது.

இதில் தமிழர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. தேர்தல் நிறுத்தப்பட்ட அதே 1965-இல் ஊராட்சி மன்றங்களை ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன். நாடு முழுவதும் கருத்துக் கேட்டபின், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அந்த ஆணையம் 1968-இல் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. தோட்டத்து மக்களுக்கு ஊராட்சி மன்றத் தேர்தலில் ஓட்டுரிமை இருந்திருந்தால், அவர்களுடைய சாலையும் சாக்கடையும் இவ்வளவு காலம் காத்திருக்குமா என்ற கேள்வியை நாம் இன்றும் உரக்கக் கேட்க வேண்டும்.

நடைமுறையில், நியமிக்கப்பட்ட ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு வட்டாரம் ஒதுக்கப்படுகிறது. உங்கள் வட்டார உறுப்பினர் யார் என்பதைக் கழகத்தின் முகப்பில் கேட்டால் சொல்வார்கள்.

எங்கள் தோட்டம் கழக எல்லைக்குள்தான் இருக்கிறது. பிறகு ஏன் லயத்துக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) குப்பை லாரியும் தெருவிளக்கும் வருவதில்லை?

இந்தப் பக்கத்தின் முதன்மையான கேள்வி இதுதான். தோட்டம் கழகத்தின் வரைபட எல்லைக்குள் இருந்தாலும் அது தனியார் நிலம். பொதுச் சாலையில் தோட்டத்தின் பெயர்ப்பலகை நிற்கும் இடம் வரை தார் இருக்கும். அந்த முனையில் தார் முடிந்து, மழை பெய்தால் வழுக்கும் செம்மண்ணும் கல்லும் கலந்த பாதை தொடங்கும். அந்த முனையோடு கழகத்தின் பொறுப்பும் முடிந்துவிட்டது என்றே அதிகாரிகள் நீண்ட காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

தனியார் தோட்டத்துக்குள் தொழிலாளர்களின் வீடு, குடிநீர், மின்சாரம், சுற்றுப்புறத் தூய்மை ஆகியவற்றுக்கு முதலாளியே பொறுப்பு. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம், அதாவது சட்டம் 446, அதை வலியுறுத்துகிறது. எனவே வேலையில் இருக்கும் தொழிலாளரின் வீட்டுக் கூரை ஒழுகினாலோ, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலோ, சாக்கடை அடைத்துக்கொண்டாலோ முதலில் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். அவர்கள் செய்யாவிட்டால் புகார் போக வேண்டிய இடம் நகராண்மைக் கழகம் அல்ல, மனிதவள அமைச்சின் கீழுள்ள தொழிலாளர் இலாகா. கழக முகப்பில் நாள் முழுவதும் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பும் பலர் இந்த வேறுபாட்டை அறியாதவர்கள்தான்.

முதலாளியின் கடமையைச் சட்டம் எழுதிவிட்டது என்பதற்காக, வரி வாங்கும் ஊராட்சி மன்றத்துக்கு அங்கு வாழும் மக்கள்மீது கடமையே இல்லை என்று ஆகிவிடாது. தோட்டங்களையும் ஊராட்சி மன்றச் சேவைக்குள் முழுமையாகக் கொண்டுவரும்படி சட்டம் 171-ஐத் திருத்த வேண்டும் என்பது தோட்ட மக்களின் நெடுநாள் கோரிக்கை. அது நியாயமான கோரிக்கை, இன்னும் வலுவாக முன்வைக்கப்பட வேண்டிய கோரிக்கை.

வேலை முடிந்து ஓய்வு பெற்றவர்கள், அல்லது தோட்டம் விற்கப்பட்டபின் லயத்தில் தங்கியிருப்பவர்களின் நிலை என்ன?

மிகவும் நலிந்த நிலை. லயத்து வீடு வேலையோடு பிணைக்கப்பட்டது. வேலை முடிந்தால், மூன்று தலைமுறையாக அங்கேயே வாழ்ந்திருந்தாலும், தங்கும் உரிமை கேள்விக்குறியாகிவிடுகிறது. இது புதிய துயரமும் அன்று. 1950-களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் ஒருசேர இழந்தன. அந்த வேளையில்தான் அப்போதைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழி செய்தார்.

துண்டாடலைக் கட்டுப்படுத்த தேசிய நிலச் சட்டத்தில் 214A என்ற பிரிவு பின்னர் சேர்க்கப்பட்டது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தை ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குப் பிரித்து விற்க, தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று அது கூறுகிறது. தோட்டம் முழுவதும் ஒரே ஆளுக்கு விற்கப்பட்டால் அந்தப் பாதுகாப்பு உதவாது.

உலு சிலாங்கூரில் இதற்கு எடுத்துக்காட்டு தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. புக்கிட் தாகாரைச் சுற்றிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள், 245 குடும்பங்கள், சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடியதை 2024 மே மாதம் நடந்த கோல குபு பாரு இடைத்தேர்தலின்போது நாடே பேசியது. நிலத்தின் பயன்பாட்டை மாற்றும் அதிகாரம் மாநில அரசிடமும், வீடமைப்பு நிதி பெரும்பாலும் மத்திய அரசிடமும், கட்டட வரைபட அனுமதி கழகத்திடமும் இருப்பதால், இத்தகைய சிக்கலில் மூன்று இடங்களுக்கும் ஒரே நேரத்தில் மனுக்கொடுக்க வேண்டும். ஒன்றின் பதிலுக்காகக் காத்திருந்து அடுத்ததற்குப் போனால் ஆண்டுகள் ஓடிவிடும்.

மதிப்பீட்டு வரிக்கும் நில வரிக்கும் என்ன வேறுபாடு?

நில வரி மாநில அரசுக்குரியது. அதை மாவட்ட நில அலுவலகத்தில் ஒவ்வோர் ஆண்டும் மே 31-க்குள் கட்ட வேண்டும். மதிப்பீட்டு வரி, அதாவது நம் பேச்சில் வீட்டு வரி, கழகத்துக்குரியது. ஆண்டுக்கு இருமுறை பில் வரும், முதல் பாதியை பிப்ரவரி இறுதிக்குள்ளும் இரண்டாம் பாதியை ஆகஸ்டு இறுதிக்குள்ளும் செலுத்த வேண்டும். தவணை தவறினால் அபராதமும், அதன்பின் பொருள்களைக் கைப்பற்றும் வாரண்டும் வரக்கூடும். பணமுடை இருந்தால் பில்லை இழுப்பறைக்குள் போட்டு வைக்காமல், தவணை முறையில் கட்டக் கழகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

பில்லில் ஆண்டு மதிப்பு என்று ஒரு தொகை இருக்கும். உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என்று கழகம் கணக்கிட்ட தொகை அது. அதன்மேல் விழுக்காடு போட்டு வரி கணக்கிடப்படுகிறது. அந்த விழுக்காடு 35-ஐத் தாண்டக்கூடாது என்று சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. மதிப்பீட்டுப் பட்டியல் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு என்றாலும், மாநில அரசு அதை ஒத்திவைக்கலாம்.

மறுமதிப்பீட்டில் வரி திடீரென உயர்ந்தால் எதிர்க்க முடியுமா?

முடியும். புதிய மதிப்பு குறித்து வீட்டுக்கு வரும் அறிவிப்புக் கடிதத்தில் பட்டியல் பரிசீலிக்கப்படும் நாள் குறிப்பிடப்பட்டிருக்கும். அந்த நாளுக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். வரி அதிகம் என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. அதே வரிசையில் அதே அளவுள்ள வீட்டின் வாடகை என்ன, உங்கள் வீட்டின் பின்பக்கம் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிறதா, பக்கத்தில் தொழிற்சாலைப் புகை வருகிறதா என்று ஆண்டு மதிப்பைக் குறைக்கக்கூடிய காரணங்களைப் படத்தோடு காட்டுங்கள். கழகத்தின் முடிவும் திருப்தி தராவிட்டால் உயர்நீதிமன்றத்தை அணுகலாம்.

சாலைக் குழியை யாரிடம் சொல்வது?

கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். எண் மட்டும் இருந்தால் அது கூட்டரசுச் சாலை. கோலாலம்பூர் – ஈப்போ பழைய சாலைக்கு எண் 1, கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலைப் பக்கம் ஏறும் சாலைக்கு எண் 55. எண்ணுக்கு முன் B என்ற ரோமன் எழுத்து இருந்தால் அது சிலாங்கூர் மாநிலச் சாலை. இவ்விரண்டுக்கும் ஜேகேஆர் எனப்படும் பொதுப்பணி இலாகாவை நாட வேண்டும். தாமான் உட்சாலைகள் கழகத்துடையவை, ஆனால் ஒரு நிபந்தனையோடு. மேம்பாட்டாளர் அவற்றை முறைப்படி ஒப்படைத்திருக்க வேண்டும். 1997 பொருளாதார நெருக்கடியில் புக்கிட் பெருந்தோங் வட்டாரத்தில் வீடமைப்புகள் பாதியில் நின்றதால், அரைகுறை வீடுகளும் யாருக்கும் சொந்தமில்லாதது போன்ற சாலைகளும் நெடுங்காலம் கிடந்தன.

ஆறு பெருக்கெடுத்தால் ஜேபிஎஸ் எனப்படும் வடிகால் நீர்ப்பாசன இலாகா, வீட்டு முன் சாக்கடை என்றால் கழகம்.

கோலாலம்பூரின் குப்பை இங்கே கொட்டப்படுவது உண்மையா?

உண்மை. தலைநகரின் குப்பை தாமான் பெரிங்கின் மாற்று நிலையத்தில் நசுக்கி அடைக்கப்பட்டு, பெரிய லாரிகளில் நெடுஞ்சாலை வழியாக வடக்கே வந்து, புக்கிட் தாகார் குப்பை நிலத்தில் புதைக்கப்படுகிறது. 2005 முதல் அது இயங்கி வருகிறது. கோலாலம்பூரின் பங்சாரில் இரவு உணவுக்குப்பின் கட்டிய பை சில நாட்களில் நம் செம்பனைக்கு நடுவே வந்து சேர்ந்துவிடுகிறது.

தண்ணீரும் அப்படித்தான், எதிர்த்திசையில் போகிறது. கோல குபு பாருவுக்கு மேலே உள்ள சிலாங்கூர் ஆற்று அணை, தலைநகர் உள்ளிட்ட கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீருக்கு முதன்மையான ஆதாரங்களில் ஒன்று. அதைக் கட்டுவதற்காக பெர்த்தாக், கெராச்சி ஆகிய ஊர்களின் தெமுவான் பூர்வகுடி மக்கள் இடம் பெயர்க்கப்பட்டார்கள். மாநகரத்துக்குத் தண்ணீர் கொடுத்து, அதன் குப்பையையும் வாங்கிக்கொள்ளும் ஒரு மாவட்டம், அதற்கு ஈடாகத் தன் மக்களுக்கு நல்ல சாலையும் நல்ல மருத்துவ வசதியும் கேட்பது உரிமையே தவிர சலுகை அன்று. மனுக்களில் இந்த உண்மையைத் தயங்காமல் எழுதுங்கள்.

நம் வீட்டுக் குப்பையைப் பொறுத்தவரை, 2007-ஆம் ஆண்டின் மத்திய திடக்கழிவுச் சட்டத்தில் சிலாங்கூர் சேரவில்லை. மாநில அரசுக்குச் சொந்தமான கேடிஇபி நிறுவனம் கழகத்தின் சார்பில் அள்ளுகிறது. லாரி வராவிட்டால் அவர்களுக்கும் கழகத்துக்கும் தெரிவிக்கலாம்.

விவசாய நிலத்தில் வீடோ கடையோ முகாமோ நடத்தலாமா?

நிலப்பட்டாவில் விவசாயம் என்று இருந்தால், அதை மாற்றாமல் வேறு பயன்பாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. முதலில் மாவட்ட நில அலுவலகத்தில் நிபந்தனை மாற்றம், பிறகு கழகத்தில் திட்ட அனுமதி, கட்டட வரைபட அனுமதி, கடைசியில் வணிக உரிமம் என்று படிப்படியாகப் போக வேண்டும். இது வீண் அலைச்சல் என்று நினைப்பவர்கள் 2022 டிசம்பர் 16 விடியற்காலையை நினைத்துப் பார்க்க வேண்டும். பத்தாங் காலி – கெந்திங் சாலையோரம் இருந்த ஒரு முகாமின்மேல் மண் சரிந்து 31 உயிர்கள் போயின, அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். முகாம் நடத்த அந்த இடத்துக்கு உரிமம் இருக்கவில்லை. சரிவில் உள்ள நிலத்துக்கு அனுமதி கேட்கும்போதுதான் அந்தச் சரிவு தாங்குமா என்று ஒரு பொறியாளர் பார்க்கும் வாய்ப்பே பிறக்கிறது.

இந்த மாவட்டத்தின் வரலாறும் இதையே காட்டுகிறது. பழைய கோல குபு நகரம் 1883-இல் அணை உடைந்து அழிந்தது, பிறகும் பலமுறை வெள்ளத்தில் மூழ்கியது. அதனால்தான் 1931-க்குள் மேட்டுநிலத்தில் இன்றைய கோல குபு பாரு திட்டமிட்டுக் கட்டப்பட்டது. அதை வரைந்தவர் சார்ல்ஸ் ரீட் என்ற அரசாங்க நகரமைப்பாளர்.

பக்கத்து நிலத்தில் தொழிற்சாலை வரப்போகிறது என்று கேள்விப்பட்டோம். என்ன செய்யலாம்?

உள்ளூர்த் திட்டம், அதாவது எந்த நிலம் எதற்கு என்று காட்டும் வரைபடத் திட்டம், இன்னும் நடப்புக்கு வராத இடங்களில், பக்கத்து நிலத்தின் உரிமையாளர்களுக்குக் கழகம் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றும், 21 நாட்களுக்குள் அவர்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்றும் 1976-ஆம் ஆண்டு நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம் கூறுகிறது. திட்டம் நடப்புக்கு வந்துவிட்ட இடங்களில் இந்த வாய்ப்பு குறுகிவிடும் என்பதால், அது வரைவு நிலையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போதே போய்ப் பாருங்கள். வரைபடத்தில் உங்கள் ஊர் எந்த வண்ணத்தில் இருக்கிறது, அந்த வண்ணம் குடியிருப்பையா தொழிலையா குறிக்கிறது என்று கேளுங்கள். தமிழ்ப்பள்ளியும் சுடுகாடும் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள். குறிக்கப்படாத சுடுகாடு பிற்காலத்தில் வெற்று நிலமாகவே எண்ணப்படும்.

தோட்டத்துக் கோயிலுக்குக் கழகத்தின் அனுமதி வேண்டுமா?

புதிதாகக் கட்டுவதற்கும் பெரிதாக விரிவாக்குவதற்கும் வேண்டும். அதற்கு முன், கோயில் நிற்கும் நிலம் யாருடையது என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நூறாண்டு பழைமையான கோயிலாக இருந்தாலும் நிலம் தோட்டத்தின் பெயரில் இருந்தால், தோட்டம் கைமாறும் நாளில் கோயிலும் சிக்கலில் மாட்டும். கும்பாபிஷேகத்துக்குத் திரட்டும் நிதியில் ஒரு பகுதியை நில அளவைக்கும் வழக்கறிஞருக்கும் ஒதுக்கும் நிர்வாகங்களைப் பாராட்ட வேண்டும். பழுதுபார்ப்பு உதவித்தொகைக்கு, இஸ்லாம் அல்லாத சமயங்களுக்கான மாநிலக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம்.

மாடு வளர்க்கலாமா?

சொந்த நிலத்தில் கட்டி வளர்க்கலாம், கழகத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு. சாலையில் அவிழ்த்துவிட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள், மீட்கப் பணம் கட்ட வேண்டும்.

புகாரை எப்படி எழுதினால் கவனிப்பார்கள்?

வாய்வழியாகச் சொன்னது காற்றோடு போகும். மலாயில், ஒரு பக்கத்துக்குள், இடம், நாள், படம், வரி பில்லில் உள்ள கணக்கு எண் ஆகியவற்றோடு எழுதுங்கள். முகப்பில் கொடுக்கும்போது இரண்டாம் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். அந்த முத்திரை இல்லாத மனு, கொடுக்கப்படாத மனுவுக்குச் சமம். மற்றொரு பிரதியை வட்டார உறுப்பினருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். மலாயில் எழுதத் தயங்கும் பெரியவர்களுக்கு, மாநில அரசு நியமித்துள்ள இந்தியச் சமூகத் தலைவர் உதவ வேண்டும். அவர் உதவாவிட்டால் ஊரில் படிக்கும் பிள்ளைகளில் ஒருவர் எழுதிக் கொடுக்கலாம், அது அவர்களுக்கும் நல்ல பயிற்சி.

கழகக் கூட்டத்தில் பொதுமக்கள் உட்காரலாமா?

உட்காரலாம். கழகத்தின் முழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று சட்டம் 171-இன் 23-ஆம் பிரிவு சொல்கிறது. குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது, முழுக் கூட்டத்தையும் தீர்மானம் போட்டு மூடிக்கொள்ளக் கழகத்தால் முடியும். கூட்டத்தில் எழுந்து பேச முடியாது, ஆனால் உங்கள் ஊர் குறித்து உங்கள் வட்டார உறுப்பினர் வாய் திறக்கிறாரா என்று நேரில் பார்க்கலாம். தேதியை முன்கூட்டியே கழகச் செயலாளர் அலுவலகத்தில் கேட்டு, ஊரிலிருந்து நான்கைந்து பேராகச் சேர்ந்து, கோல குபு பாருவுக்குப் புறப்படுங்கள்.